ராப் ஒட்டிய காரைப் பெயின்ட் காராக நினைத்துக் கழுவாதீர்கள்

காரின் நிறத்தை மாற்ற ஒட்டப்படும் வினைல் ராப், பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான். குழாய் விறைத்து நிற்க, ராப் மட்டும் பம்பரின் வளைவுகளில் வழுக்கிப் படியக் காரணம், அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள திரவம். பிவிசியின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று நகர இடம் கொடுக்கிறது. ஆனால் அது சங்கிலிகளோடு வேதியியல் ரீதியாகப் பிணைந்திருப்பதில்லை. கலந்து நிற்கிறது, அவ்வளவுதான். சூடு ஏறினால் மெல்ல வெளியேறும், பெட்ரோலும் தின்னரும் பட்டால் கரைந்து போகும். போன பிறகு ஃபிலிம் சுருங்கும், விறைக்கும், கடைசியில் பொடிப்பொடியாக வெடிக்கும். ராப் பராமரிப்பின் பாதி இந்தத் திரவத்தை உள்ளேயே வைத்துக்கொள்வது. மீதிப் பாதி, ஓரங்களைக் காப்பது.

எந்த ஃபிலிம் என்பதிலேயே ஆயுள் பாதி தீர்மானமாகிவிடுகிறது. காஸ்ட் வகையில் பிவிசி கலவையைத் திரவமாக ஊற்றிச் சூளையில் வேகவைக்கிறார்கள். சுமார் 50 மைக்ரான்தான் தடிமன். பசையோடு சேர்த்தால் 90 மைக்ரான் அளவுக்கு வரும். இழுத்துச் செய்யாததால் சுருங்கும் ஆசை அதற்குக் குறைவு. காலண்டர் வகை, சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுக்கப்படுவது. அந்த இழுவிசை ஃபிலிமுக்குள்ளேயே தங்கிவிடும். வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். விலை குறைவு என்று முழுக் காருக்கும் இதை ஒட்டினால், கதவு ஓரங்களில் பெயின்ட் கோடுகோடாக எட்டிப் பார்க்கும். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது நிறத்தை அல்ல, இந்த வகையைத்தான்.

சித்திரை வெயிலில் கறுப்பு போனட்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். கூடவே புற ஊதாக் கதிர் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைப் பிரித்தெடுக்கிறது. எஞ்சும் இரட்டைப் பிணைப்புகள் ஒளியை உறிஞ்சுவதால் வெள்ளை ராப் மஞ்சளாகிறது. இதைத் தாமதப்படுத்தும் வேதிப்பொருட்கள் ஃபிலிமில் உண்டு, ஆனால் அவையும் நாளடைவில் தீர்ந்துபோகும். போனட், கூரை, டிக்கியின் மேல்பக்கம் என வானத்தைப் பார்க்கும் பகுதிகள் முதலில் கெடுவதற்கு இதுவே காரணம். உற்பத்தியாளர்களே கிடைமட்டப் பரப்புகளுக்கு உத்தரவாதக் காலத்தைக் குறைத்துத்தான் தருகிறார்கள். நிழலுக்கு ஈடான கோட்டிங் எதுவும் கிடையாது. ராப்பின் மேல் திரவமாகப் பூசி உலரவிடும் செராமிக் கோட்டிங் அழுக்கும் தண்ணீரும் ஒட்டாமல் தடுக்கும், கழுவுவதை எளிதாக்கும்; ஃபிலிமின் சூட்டைக் குறைக்காது. கவர் போடுவதானால் கார் காய்ந்து, தூசு துடைத்த பிறகே போட வேண்டும். தூசின் மேல் போட்ட கவர் காற்றில் அசைய அசைய ராப்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

ஒட்டிய முதல் இரண்டு மூன்று நாட்கள் கழுவவே வேண்டாம். இந்தப் பசை அழுத்தத்தால் பிடிப்பது. முழுப்பிடி வர நேரம் எடுக்கும். அதற்குப் பிறகு நிழலில், போனட் கையால் தொடும் அளவு ஆறியதும், முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை இறக்கிவிட்டு, கார் ஷாம்புவும் மைக்ரோஃபைபர் துணியுமாகக் கழுவலாம். ஷாம்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொன்று. துணி துவைக்கும் பவுடர் கூடாது. அதன் காரத்தன்மை அதிகம், கரையாத துகள் கீறவும் செய்யும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் தானாகக் காய விடாமல் உடனே ஒற்றி எடுங்கள்; வெள்ளைப் பொட்டுகள் பளபளப்பில்லாத மேட் ராப்பில் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

வாட்டர் சர்வீஸ் கடைக்கு விட்டால் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்: அழுத்தம் 2000 பிஎஸ்ஐக்குக் கீழே, 40 டிகிரி விரிவுள்ள நாசில், குறைந்தது ஓர் அடி தூரம், நீர் நேர்குத்தாகப் பட வேண்டும். சாய்வாகப் பீய்ச்சும் நீர், கதவு விளிம்பில் ஃபிலிமுக்கு அடியில் நுழைந்து உரித்துவிடும். சுழலும் பிரஷ் இருக்கும் இடத்துக்குப் போகவே கூடாது.

காக்கை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. சூடான ஃபிலிம் இளகியிருக்கும் நேரத்தில் அது அரித்த தடம் பிறகு போகாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஐந்து பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் தூக்கி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பெட்ரோல் பங்கில் மூடிக்குக் கீழே வழியும் துளி இதைவிட ஆபத்தானது. ஃபிலிமின் வெட்டு விளிம்பு அங்கே திறந்திருப்பதால் பெட்ரோல் பசை வரை போய் இளக்கும். அங்கேயே துடைத்து, வீடு வந்ததும் சோப்பு நீரால் கழுவுங்கள்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் எத்தனை வாளி ஊற்றினாலும் வெள்ளை மேட் ராப்பின் நுண்குழிகளில் மஞ்சள் நின்றுகொண்டே இருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, மறைவான இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, துணியில் நனைத்து ஒற்றினால் இறங்கும். உடனே நீரால் அலசிவிட வேண்டும். மிஞ்சும் மெல்லிய சாயத்தை வெயிலே சில நாளில் வெளிற வைத்துவிடும். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்தால் இந்தப் பாடே இல்லை.

மேட் ராப்புக்கும், லேசான மினுக்கமுள்ள சாட்டின் ராப்புக்கும் வாக்ஸும் பாலிஷும் ஆகாது. ஒளியைச் சிதறடிக்கும் நுண்மேடு பள்ளங்கள்தான் அதன் மங்கல் அழகு. வாக்ஸ் பள்ளத்தை நிரப்பும், பாலிஷ் மேட்டைத் தேய்க்கும். இரண்டிலும் திட்டுத்திட்டாகப் பளபளப்பு வரும். பளபளப்பு ராப்பில்கூட மெஷின் பாலிஷ் வேண்டாம், தேய்க்க அங்கே பெயின்ட்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் கிடையாது.

ஓரம் தூக்கினால் அன்றே கவனியுங்கள். பெரும்பாலும் குழிவான இடத்தில் அதிகம் இழுத்து ஒட்டியிருப்பார்கள், அல்லது ஒட்டியபின் 90 டிகிரிக்கு மேல் சூடேற்றி அந்த இழுவிசையைத் தணிக்கும் வேலையை விட்டிருப்பார்கள். பசைப்பக்கத்தை விரலால் தொடாமல், அடியிலுள்ள பெயின்ட்டை ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தி, ஹேர் டிரையரால் ஃபிலிம் இளகும்வரை சூடாக்கி, மென்துணியான ஃபெல்ட் ஒட்டிய ஸ்குவீஜியால் (ஃபிலிமை அழுத்தித் தேய்க்கும் பிளாஸ்டிக் பட்டை) உள்ளிருந்து வெளியே அழுத்துங்கள். பசையில் மண் ஏறியிருந்தால் மறுபடி பிடிக்காது. அந்தத் துண்டை மாற்றுவதே வழி. பெயின்ட்டின் மேல் வைத்து பிளேடால் வெட்ட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

கழற்றும் காலத்தைத் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. நெகிழ்வு இருக்கும்போது சூடாக்கி, தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுத்தால் முழுத் தாளாக வரும். காய்ந்துபோனதோ நகக்கண் அளவுத் துண்டுகளாக உடையும், பசை பெயின்ட்டிலேயே தங்கும். ரீபெயின்ட் செய்த பேனல் என்றால் இழுக்கும் முன்பே கழற்றுபவரிடம் சொல்லிவிடுங்கள். கம்பெனி பெயின்ட் சூளையில் வெந்தது, பிடித்துக்கொள்ளும். பட்டறைப் பெயின்ட் ராப்போடு சேர்ந்தே உரிந்து வரலாம்.