மீன் கடைச் சில்லறையும் வெள்ளரிப் பிஞ்சும்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி, சட்டைப் பையிலிருக்கும் பத்து ரூபாய் நோட்டைக் கிருமி நீக்கிய உப்புநீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இருபுறமும் தேய்த்து, மெக்கான்கி அகார் என்ற, பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் தடவி, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்திருப்பதுதான். மறுநாள் காலையில், கசங்காத புது நோட்டின் தட்டு பெரும்பாலும் வெறுமையாக இருக்க, சந்தையில் சில்லறையாக வாங்கிய நோட்டின் தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைத்திருக்கும். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் குடல்வகைப் பாக்டீரியாக்களுக்கு அந்த நிறம் முதல் அடையாளம், அவற்றில் ஈ.கோலி என்ற வகையா, கிளெப்சியெல்லா என்ற வகையா என்பதை அடுத்த சோதனைகள் சொல்லும்.

டெல்லியில் தெருக்கடைகளில் திரட்டிய 10, 20, 100 ரூபாய் நோட்டுகளின் டிஎன்ஏவை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, நோயுண்டாக்கும் நுண்ணுயிர்களின் தடயங்களோடு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களையும், அதாவது ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தாங்கிக்கொள்ளக் கிருமிக்கு உதவும் மரபணுக்களையும் கண்டது. டிஎன்ஏ கிடைத்ததாலேயே கிருமி உயிரோடிருந்தது என்று கொள்ள முடியாதுதான். ஆனால் நம் நோட்டு பருத்தி இழையால் ஆனது. ஈரத்தையும் அழுக்கையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பத்து நாடுகளின் நோட்டுகளை ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வில், பழைய நோட்டுகளில் பாக்டீரியா மிகுந்தும் பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டுகளில் குறைந்தும் காணப்பட்டன.

எங்கள் ஊர் மீன் சந்தையில், சாக்குக்கு அடியிலிருந்து ஈரக் கையால் எடுத்துத் தரப்படும் நோட்டில் சில நாள் செதில்கூட ஒட்டியிருக்கும். அந்த மீனைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை, அது குழம்பில் கொதிக்கப்போகிறது. அதே நோட்டு சந்தை வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மாவின் கைக்குப் போய், அந்தக் கையே அடுத்த பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தடவித் தரும்போதுதான் கவலைப்படுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அடுப்பும் இல்லை, சோப்பும் இல்லை. எச்சில் தொட்டு நோட்டெண்ணும் பழக்கமும், கல்லாப்பெட்டியருகே நாள்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் கிடக்கும், விரல் நனைக்கும் பஞ்சுக் கிண்ணமும் இதோடு சேர்ந்தவை.

நோட்டில் கிருமி இருக்கிறது என்பது வேறு, நோட்டால் நோய் வந்தது என்பது வேறு. வயிற்றுப்போக்கு வந்த ஒருவரிடம் காரணம் தண்ணீரா, ஈயா, கையா என்று பிரித்தறிவது எளிதன்று. ஆகவே கொரோனா காலத்தில் சிலர் செய்ததுபோல நோட்டை இஸ்திரி போடத் தேவையில்லை. சாப்பிடும் முன் கையைச் சோப்பால் கழுவுங்கள், குழந்தை கடித்து விளையாட நோட்டைக் கொடுக்காதீர்கள். மிகவும் அழுக்கான நோட்டை வங்கிக் கிளையில் மாற்றிக்கொள்ளலாம்.

நான் சொன்ன பிறகு வெள்ளரிக்காரம்மா கூடைக்கு முன்னால் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துவிட்டார். வாங்குபவர்களே அதில் பணத்தைப் போட்டு, மீதியையும் எடுத்துக்கொள்கிறார்கள். கூடை காலியாகும்வரை அவர் அந்த டின்னைத் தொடுவதில்லை.