இருப்பில் 37, அலமாரியில் 35

ஈரோட்டு ஜவுளிக்கடைக் கல்லாவில் ஒரு போர்வையின் பார்கோடைக் காட்டியதும் 'பீப்' என்று சத்தம் வருகிறது. அந்த ஒரு சத்தத்தில் கணினிக்குள் ஐந்து கணக்குகள் மாறுகின்றன. ரொக்கம், விற்பனை, ஜிஎஸ்டி என்ற மூன்றும் பில்லிலேயே தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் மாறுவது இன்னும் இரண்டு: சரக்கு இருப்பும், விற்ற சரக்கின் அடக்கமும் (அது கடைக்கு வந்து சேர ஆன செலவு).

இதைத் தொடர் சரக்கிருப்பு முறை என்பார்கள். சரக்கு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இருப்புக் கணக்கை அப்போதைக்கப்போதே திருத்துவதுதான் இதன் சாரம். கையால் எழுதிய காலத்தில் நகைக்கடை, மோட்டார் ஷோரூம் மாதிரி விலை அதிகமும் உருப்படி குறைவுமான வியாபாரத்துக்குத்தான் இது கட்டுப்படியானது. மளிகைக்கும் ஜவுளிக்கும் இது வந்ததே பார்கோடு வந்த பிறகுதான். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கிய கதை அது.

சரி, ஒரு கொள்முதலைக் கூடவே இருந்து பார்ப்போம். சென்னிமலையிலிருந்து 100 போர்வை, ஒன்று 300 ரூபாய் வீதம் கடனுக்கு வருகிறது. சரக்குக் கணக்கில் 30,000 பற்று (டெபிட், சரக்கு கூடுகிறது), கொடுத்தவர் கணக்கில் 30,000 வரவு (கிரெடிட், கடன் கூடுகிறது). இதற்கான 5% ஜிஎஸ்டியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அது அடக்கத்தில் சேராது, தனிக் கணக்கு. டெம்போ வாடகை 600 ரூபாய் அப்படியல்ல. சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்த செலவு சரக்கின் மேல்தான் ஏறும். ஆக 30,600.

பிரித்துப் பார்த்தால் நான்கில் நெசவுக் கோளாறு. திருப்பி அனுப்பினால் சரக்கில் 1,200 குறையும், கடனிலும் அதே 1,200 குறையும். டெம்போ வாடகை மட்டும் குறையாது, மிச்சமுள்ள 96 போர்வைகள் அதைச் சுமக்கும். பத்து நாளில் பணம் கட்டினால் 2% தள்ளுபடி என்று பேச்சு. 28,800-க்கு 576 கழிகிறது, அதுவும் சரக்குக் கணக்கிலிருந்தே. இப்போது 28,824. ஒரு போர்வையின் அடக்கம் 300 ரூபாய் 25 காசு.

இனி விற்பனை. விலை 420, ஜிஎஸ்டி 21, வாங்குபவர் தருவது 441. ரொக்கம் 441 பற்று. விற்பனை 420 வரவு, அரசுக்குக் கட்ட வேண்டியது 21 வரவு. இது முதல் பதிவு. அடுத்த பதிவில் விற்ற சரக்கின் அடக்கம் 300.25 பற்று, சரக்கு 300.25 வரவு, அதாவது இருப்பு அவ்வளவு குறைகிறது. லாபம் 119.75 என்று பில் போட்ட கையோடு தெரிந்துவிடுகிறது. ஆடித் தள்ளுபடியில் 380-க்குக் கொடுத்தால் முதல் பதிவு மாறும், இரண்டாவது அசையாது. போர்வை திரும்பி வந்தால் இரண்டையும் புரட்டிப் போட வேண்டும். கறையோடு வந்தால் பழைய அடக்கத்தில் இருப்பில் சேர்க்கக்கூடாது, எவ்வளவுக்குப் போகுமோ அவ்வளவுக்குத்தான்.

அடுத்த லோடு 320 ரூபாய்க்கு வந்தால்? சராசரி போடலாம், அல்லது முதலில் வந்தது முதலில் போனதாகக் கொள்ளலாம். கடைசியில் வந்தது முதலில் போனதாகக் காட்ட இந்தியக் கணக்கியல் தரநிலைகள் இடம் தருவதில்லை.

இந்த முறையின் உண்மையான பலன் லாபத்தை உடனே பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம்தான். அந்த 96-இல் 60 விற்று ஒன்று திரும்பி வந்தது என்று வையுங்கள். கணினி இருப்பு 37 என்கிறது. அலமாரியில் எண்ணினால் 35. இரண்டு போர்வை எங்கே?

பழைய முறையில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே மார்ச் 31 அன்று ஷட்டரை இறக்கிவிட்டு எண்ணி, கொள்முதலிலிருந்து மீதியைக் கழிப்பார்கள். 35 மீதி என்றால் 61 விற்றதாக அடக்கம் 18,315.25 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். திருட்டும் விற்பனையும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். தொடர் முறையில் 59 தனியாகவும் 2 தனியாகவும் நிற்கும். அந்த இரண்டுக்கான 600.50-ஐ நஷ்டத்தில் பற்று வைத்து, சரக்கில் குறைக்க வேண்டும்.

ஆனால் உடனே கடைப் பையனைச் சந்தேகப்பட வேண்டாம். இரட்டைப் போர்வையில் இரண்டு குறைந்து, ஒற்றைப் போர்வையில் இரண்டு கூடுதலாக இருந்தால் அது திருட்டே இல்லை, கூட்ட நேரத்தில் பார்கோடு மாறி விழுந்திருக்கிறது. மஞ்சள் மண்டியில் இன்னொரு கதை: ஈரம் காய்ந்தாலே மூட்டையில் எடை குறையும், யாரும் தொட வேண்டியதில்லை.

ஈரோட்டின் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் திங்கள் இரவு விரித்து செவ்வாய்க்கிழமை மூட்டை கட்டுகிற வியாபாரிக்கு இதெல்லாம் தேவையா? அநேகமாக இல்லை. அவர் சரக்கு முழுவதும் கண் முன்னால் கிடக்கிறது. மூன்று மாடி, ஆயிரக்கணக்கில் உருப்படி என்று ஆகிவிட்ட கடைக்குத்தான் இது வேண்டும். அங்கேயும் வருஷக் கடைசி வரை காத்திருக்காமல் இந்த வாரம் போர்வை, அடுத்த வாரம் துண்டு என்று பிரிவு பிரிவாக எண்ணிவந்தால், எந்த வாரம் குறைந்தது என்பதும், அந்த வாரம் கல்லாவில் யார் இருந்தார் என்பதும் சேர்ந்தே தெரியும்.