கணினியில் ஆறு நாள், அட்டையில் பத்தொன்பது நாள்

சேலத்திலிருந்து சங்ககிரி செல்லும் வழியில் உள்ள ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் (வருகையும் விடுப்பும் பதியும் அலுவலகம்), சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்துக் காலை ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது, இரவு ஷிப்ட் முடித்து வந்த ஃபிட்டர் ஒருவர், பாலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த தம் விடுப்பு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். “சார், அட்டையில பத்தொன்பது நாள் நிக்குதுங்க. கம்ப்யூட்டர்ல ஆறுதான் இருக்குதுன்னு சொல்றாங்க. புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கறேன், பத்து நாளாச்சும் வேணுமுங்க” என்றார். அவர் கோபப்படவில்லை. அட்டையின் ஒவ்வொரு வரியிலும் போடப்பட்டிருந்த இனிஷியலை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே நின்றார்.

அவருடைய கணக்கைப் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவு, ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாட்களுக்கும் ஒரு நாள் வீதம் மறு ஆண்டில் சம்பளத்துடன் கூடிய விடுப்பை வழங்கியது. இவர் முந்தைய ஆண்டில் 282 நாட்கள் வேலைக்கு வந்திருந்தார். அதற்கு 14 நாட்கள். அதற்கும் முன்பிருந்து மீதியாக வந்தவை 11. ஆக 25 நாட்களில், ஜூன் மாதத்துக்குள் அவர் எடுத்தவை 6 போக 19 நாட்கள் மீதி இருக்க வேண்டும். அட்டையிலும் அவ்வளவே இருந்தது. ஜூலையில் ஆலை நிர்வாகம் பதிவேட்டை விட்டு விடுப்பு மென்பொருளுக்கு மாறியபோது, மென்பொருள் தந்தவர்கள் ஒரு எக்செல் படிவத்தை அனுப்பி, ‘ஆண்டு ஒதுக்கீடு’ என்ற ஒரே ஒரு பத்தியை நிரப்பித் தரச் சொன்னார்கள். டைம் ஆபீஸ் எழுத்தர் முதல் கட்டத்தில் 12 என்று தட்டி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட வரிசைகளின் கடைசி வரை அதை இழுத்துவிட்டார். பன்னிரண்டில் ஆறு போக ஆறு. பதின்மூன்று நாட்கள் காணாமற்போன வழி அதுதான். அன்றைய அவருடைய நாள் சம்பளம் 540 ரூபாய். எனவே ஒரு மனிதருக்கு மட்டும் நட்டம் 7,020 ரூபாய்.

அந்த எழுத்தரை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் ஒரே எண் இருக்க முடியாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. படிவமும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. தொழிலாளர் சட்ட ஆலோசனையும் சம்பளப் பட்டியல் வேலையும் பார்த்து வரும் எனக்கு, இந்தப் பக்கத்து ஆலைகள், ஜவ்வரிசித் தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், ஏற்காட்டுத் தோட்டங்கள் எனப் பல இடங்களிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழை இது. எந்த விடுப்பு மென்பொருளை எடுத்துக்கொண்டாலும் அதில் இரண்டு அடுக்குகள் இருக்கும். ஒரு பிரிவினர் அனைவருக்கும் பொதுவாக அமைக்கப்படும் விதி ஒன்று. அந்த விதியிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரும் வேலையில் சேர்ந்த தேதி, வந்த நாட்கள், பழைய மீதி ஆகியவற்றால் வேறுபட்டு நிற்கும் தனிநபர் இருப்பு மற்றொன்று. பொது விதியை அமைப்பதற்கு நிறுவனங்கள் கூட்டம் போட்டுப் பேசுகின்றன. தனிநபர் இருப்பையோ, நேரம் கிடைக்கும்போது யாரோ ஒருவர் நிரப்பிவிடுகிறார்.

அன்று நாங்கள் செய்த திருத்தத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலாளர் உடனே திரையில் இருந்த 6 என்ற எண்ணை அழித்து 19 என்று எழுதச் சொன்னார். நான் தடுத்தேன். அழித்து எழுதினால் அன்றைக்கு அந்தத் தொழிலாளிக்கு நியாயம் கிடைத்துவிடும். ஆனால் ஆறு எப்படிப் பத்தொன்பது ஆயிற்று என்பதற்கு மறு ஆண்டு தணிக்கைக்கு வருபவரிடம் காட்ட எதுவும் இருக்காது. அதைவிட மோசமாக, நாளை வேறொருவர் பத்தொன்பதை அழித்து ஆறு என்று எழுதினாலும் அதற்கும் தடயம் இருக்காது. விடுப்பு இருப்பை வங்கிப் பாஸ்புக்கைப் போலத்தான் நடத்த வேண்டும். பாஸ்புக்கில் எந்த வங்கியும் மீதித் தொகையைச் சுரண்டிவிட்டு வேறு தொகையை எழுதுவதில்லை. வரவு அல்லது பற்று என்று ஒரு வரி சேர்க்கிறது, மீதி அதிலிருந்து தானாக வருகிறது. எனவே ‘சரிக்கட்டல்’ என்ற வசதியின் வழியாக 13 நாட்கள் வரவு வைத்து, ‘பதிவேட்டின்படி தொடக்க இருப்புத் திருத்தம்’ என்று காரணம் எழுதி, தேதியும் ஒப்புதல் தந்தவர் பெயரும் சேர்த்து, அட்டையின் படத்தையும் அந்த வரியுடன் இணைத்தோம். அந்த வாரத்திலேயே மற்ற எல்லாருடைய அட்டைகளையும் வாங்கி ஒப்பிட்டோம். மென்பொருள் வாங்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இப்போதும் இதுதான்: காரணம் எழுதாமல் இருப்பை மாற்ற இது அனுமதிக்கிறதா? அனுமதித்தால், அந்த அனுமதியை அடைக்க வழி உண்டா?

ஆளுக்கு ஆள் கணக்கு மாறுவதற்குச் சட்டமே பெருங்காரணம். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வியாபாரக் கடையும், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசித் தொழிற்சாலையும், ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பவருக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன்படி நோய்க்காக ஆண்டுக்கு 12 நாட்கள், தகுந்த வேறு காரணத்துக்காக 12 நாட்கள் என்பவற்றுடன், பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகு சம்பளத்துடன் 12 நாட்கள் உண்டு. இந்தக் கடைசி 12 மட்டுமே 24 வரை சேரும். இந்தப் பன்னிரண்டு மாதம் அவரவர் சேர்ந்த நாளிலிருந்து ஓடுவது என்பதால், ஜூலை 17 அன்று சேர்ந்தவரின் இருப்பை ஜனவரி 1 அன்று பூஜ்யமாக்கிப் புதுக்கணக்குத் தொடங்கும் மென்பொருள் அமைப்பு அவருக்குக் கிடைக்க வேண்டியதைப் பாதியில் வெட்டிவிடும். தொழிற்சாலைக்கோ காலண்டர் ஆண்டு. அங்கே விடுப்பு, வேலை செய்த நாட்களின் விளைச்சல். மூன்று இடங்களுக்கும் ஒரே விதியை ஒரே பெயரில் போட்டு வைத்திருப்பதை நானே கண்டிருக்கிறேன். முதலாளி ஒருவர் என்பதால் விதியும் ஒன்றாகிவிடாது.

தாய்மை விடுப்பு எடுத்த பெண்களின் கணக்கில் நடக்கும் தவறுதான் என்னை மிகவும் வருத்துவது. ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்த பெண் ஒருவர், பிரசவ ஆண்டில் 168 நாட்கள் மட்டுமே வேலைக்கு வந்திருந்தார். மென்பொருள் அவருடைய தாய்மை விடுப்பை ‘வராத நாட்கள்’ என்று எடுத்துக்கொண்டு, 240 நாட்கள் எட்டவில்லை என்று மறு ஆண்டுக்கு பூஜ்யம் காட்டியது. ஆனால் 79ஆம் பிரிவு தாய்மை விடுப்பில் 12 வாரம் வரை வேலை செய்த நாட்களாகவே எண்ணச் சொன்னது. அந்த 84 நாட்களுக்குப் புதிய விடுப்புச் சேராது, ஆனால் தகுதிக் கணக்கில் அவை சேரும். 168உம் 84உம் கூடினால் 252, தகுதி வந்துவிட்டது. 168ஐ இருபதால் வகுத்தால் எட்டு நாட்கள். கைக்குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய காலத்தில் அந்த எட்டு நாட்கள் ஒரு தாய்க்கு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வேலை தர முடியாமல் நிர்வாகமே நிறுத்தி வைக்கும் லே-ஆஃப் நாட்களும் எடுத்த ஈட்டிய விடுப்பும் இதே வகையில் தகுதிக்குச் சேர்பவை. எனவே மென்பொருளில் ‘வராமை’ என்று ஒரே குறியீடு போதாது; எந்த வராமை தகுதிக்குச் சேரும், எது சேராது என்று தனித்தனிக் குறியீடு வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றில் ஓய்வில் இருந்து நோய்ப்பலன் பெறும் நாட்களுக்கும் தனிக் குறியீடு வேண்டும். அவற்றை விடுப்பு இருப்பிலிருந்து கழிப்பது தவறு.

பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பின் 32ஆம் பிரிவு, 240 நாட்கள் என்ற தகுதியை 180 ஆகக் குறைத்திருக்கிறது; இருபதுக்கு ஒன்று என்ற வீதமும் 30 நாட்கள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் வரம்பும் நீடிக்கின்றன; ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் விடுப்பைப் பணமாகத் தரவும் வழி செய்யப்பட்டுள்ளது. தாய்மை விடுப்பு தகுதிக்குச் சேரும் என்ற கொள்கை இதிலும் உண்டு. மேலே சொன்ன பெண்ணின் 168 நாட்கள் 180ஐக்கூட எட்டாதவை என்பதைக் கவனியுங்கள். குறியீடு தவறாக இருந்தால் புதிய சட்டத்திலும் அவருக்கு பூஜ்யம்தான் வரும். இந்த மாற்றத்தை மென்பொருளில் செய்யும்போது பழைய விதியில் உள்ள 240ஐ 180 என்று திருத்தி விடாதீர்கள். சில மென்பொருள்கள் அப்படித் திருத்தியவுடன் முந்தைய ஆண்டுகளையும் மறுபடி கணக்கிட்டு, எல்லாருடைய இருப்பையும் கலைத்துவிடும். பழைய விதிக்கு முடிவுத் தேதி போட்டு, புதிய விதியைத் தொடக்கத் தேதியுடன் தனியாகச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஈட்டிய நாட்கள் அப்படியே நிற்க வேண்டும்.

முப்பது நாள் வரம்பைப் பற்றி இன்னொன்று. விண்ணப்பித்தும் வேலை நெருக்கடியைக் காட்டி மறுக்கப்பட்ட விடுப்புக்கு இந்த வரம்பு கிடையாது. பழைய சட்டத்திலும் சரி, புதிய தொகுப்பிலும் சரி, அது வரம்பின்றி அடுத்த ஆண்டுக்குப் போகும். பெரும்பாலான மென்பொருள்களில் ‘மறுப்பு’ பொத்தானை அழுத்தியதும் விண்ணப்பம் மறைந்துவிடும்; டிசம்பர் 31 நள்ளிரவில் முப்பதுக்கு மேற்பட்டவை அனைத்தும் கழிந்துவிடும். தீபாவளி ஆர்டருக்காக ஆலையிலும், நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்காக மலையிலும் விடுப்பை மறுப்பது வழக்கமாக இருக்கும் நம் ஊரில், மறுக்கப்பட்ட நாட்களுக்குத் தனியாக ஓர் இருப்புக் கணக்குத் திறந்து வைப்பது கட்டாயம். வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாக மறுக்கப்படுபவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதால், கேட்பதை எழுத்தில் கேட்கும்படி தொழிலாளர்களிடம் நான் எப்போதும் சொல்லி வருகிறேன்.

நாளா, மணி நேரமா என்ற அலகுக் குழப்பம் மருத்துவமனைகளில் அதிகம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் செவிலியருக்கு 12 நாள் விடுப்பை எட்டு மணி வீதம் 96 மணி நேரமாக மாற்றி ஏற்றியிருந்தார்கள். ஒரு ஷிப்டுக்கு 12 மணி கழிந்ததால் அவருக்கு எட்டு நாளே கிடைத்தது. சட்டம் நாட்களில்தான் பேசுகிறது. அலகை நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைப் பட்டியலும் ஆளுக்கு ஆள் இணைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்குடன் வேறு ஐந்து விடுமுறைகளையும் தரச் சொல்கிறது. அந்த ஐந்தில், நகரத்தில் இருப்பவர்கள் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையைக் கேட்பார்கள். மலையில் இருப்பவர்கள் சேர்வராயன் கோயில் திருவிழாவைக் கேட்பார்கள். விடுப்புக்கு இடையில் வரும் விடுமுறை விடுப்பாகக் கழியக் கூடாது. ஏற்காட்டில் வேலை பார்ப்பவருக்குச் சேலம் பட்டியலை இணைத்திருந்தால், திருவிழா நாளில் அவருக்கு ஒரு நாள் விடுப்புக் கழிந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கவனிக்கக்கூடிய ஒருவர் உண்டு; அது அந்தத் தொழிலாளிதான். அதனால்தான் ஆண்டுக் கணக்கை முடிக்கும் முன் ஒவ்வொருவருடைய இருப்பையும், அது வந்த வழியோடு, தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுத் தரச் சொல்கிறேன். செல்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது தோட்டத்தில் வேலை செய்யும் பாட்டிக்கு உதவாது. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில், சம்பள நாளன்று அலுவலக வராந்தாவில் ரைட்டர் (தோட்டத்து எழுத்தர்) ஒவ்வொரு பெயராக, வந்த நாட்களையும் சேர்ந்த விடுப்பையும் உரக்கப் படித்தார். ஒரு பெண்ணின் பெயருக்கு 197 நாட்கள் என்று வந்தது. “அண்ணா, மழையில ரோடு அடைச்ச மூணு நாளைக்கு எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கீங்களா? கீழ இருந்து வர்றவங்கதான் வரல. நாங்க லைன்ல இருந்தவங்க விழுந்த சில்வர் ஓக் கிளையெல்லாம் இழுத்துப் போட்டோமே” என்றார், லைன் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் வசிக்கும் அவர். வருகைப் பதிவேடான செக்ரோலைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த மூன்று நாட்களுக்கும் எல்லாருக்குமே ஆப்சென்ட் போடப்பட்டிருந்தது. 240 நாள் தகுதி பாராமல், முழு இருபதுகளை மட்டுமே எண்ணும் அந்தத் தோட்டத்தின் வழக்கப்படி 197க்கு ஒன்பது நாட்கள், 200க்குப் பத்து. ரைட்டர் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, லைன் வீடுகளில் இருந்த பதினோரு பேருக்கும் மூன்று நாள் வருகையை வரவு வைத்து, காரணக் கட்டத்தில் ‘சாலை அடைப்பு நாட்களில் மரம் அகற்றும் வேலை’ என்று தட்டினார்.