லைசென்ஸ் எங்கேயும் போகவில்லை, நீங்கள் பார்த்த வழிதான் தவறு

“கேமரா ஓடுகிறது, பிஎல்சிக்கு சிக்னல் ஒழுங்காகப் போகிறது. டிஸ்ப்ளே பிசியில் மட்டும் லைசென்ஸ் எரர் வருகிறது. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. புது லைசென்ஸ் அனுப்பவும்.”

தொழிற்சாலை லைனில் இருக்கும் கேமராவின் படத்தை வேறொரு பிசியில் காட்டும் டிஸ்ப்ளே சாஃப்ட்வேர் பற்றி இதே வாசகத்தில் புகார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. (பிஎல்சி என்பது லைன் இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்.) எரிச்சல் தருவது கடைசி இரண்டு வரிகள்தான். சாஃப்ட்வேரை அழித்துப் போட்டதில் ஒரு ஆக்டிவேஷன் (லைசென்ஸைப் பதிவு செய்ய அனுமதித்த தடவைகளில் ஒன்று) வீணாகியிருக்கலாம். புது லைசென்ஸ் வாங்கினாலும் அதே எரர்தான் வரும். ஏனென்றால் பல சமயம் லைசென்ஸ் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. சோதித்தவர் ரிமோட் டெஸ்க்டாப் (வேறு பிசியிலிருந்து நெட்வொர்க் வழியாக நுழையும் விண்டோஸ் வசதி) வழியாக உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்.

ஒரு பிசிக்கென்று கொடுக்கும் லைசென்ஸ், டாங்கிளானாலும் (யுஎஸ்பியில் சொருகும் லைசென்ஸ் சாவி) ஹார்டுவேரோடு பூட்டிய ஃபைலானாலும், அந்த பிசியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கானது. ரிமோட் டெஸ்க்டாப்பை விட்டுவைத்தால் ஒரு லைசென்ஸை ஊரே பயன்படுத்தும் என்பதால் பல தயாரிப்பாளர்கள் அதைத் தடுத்தே தருகிறார்கள். நீங்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்ததும் அது ரிமோட் செஷன் என்று விண்டோஸுக்குத் தெரியும், விண்டோஸிடம் கேட்டு லைசென்ஸ் மேனேஜரும் (லைசென்ஸைச் சரிபார்க்கும் புரோகிராம்; சென்டினல், ஃப்ளெக்ஸ்நெட், கோட்மீட்டர் எல்லாம் இந்த வகை) தெரிந்துகொள்கிறது, கையை விரிக்கிறது. சென்டினல் வகையில் இதன் எண் எச்0027. ஃப்ளெக்ஸ்நெட்டில் -103. இரண்டுக்கும் பொருள் “டெர்மினல் சர்வர் (அதாவது ரிமோட் டெஸ்க்டாப்) வழியாக வந்திருக்கிறாய், தர மாட்டேன்” என்பதுதான். “லைசென்ஸ் இல்லை” என்று அது சொல்லவே இல்லை. திரையில் எண் தெளிவாக இருக்க, அதை விட்டுவிட்டு “லைசென்ஸ் எரர்” என்று மட்டும் எழுதி அனுப்புவது யாருக்கு உதவும்?

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. சர்வர் அல்லாத சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரு செஷனுக்குத்தான் இடம். லைன் பக்கத்துத் திரையில் ஆபரேட்டர் லாகின் செய்து வைத்திருக்கும் அதே யூசர் பெயரில் நீங்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால், அந்தச் செஷனே உங்கள் பக்கம் வந்துவிடும்; லைனில் இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த டிஸ்ப்ளே சாஃப்ட்வேர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை லைசென்ஸை மறுபடி சரிபார்க்கும் வகையாக இருந்தால், இப்போது ரிமோட் செஷனில் இருப்பதைக் கண்டு நின்றுவிடும். நீங்கள் வெளியேறிய பிறகும் அது தானாக எழுந்திருக்காது. ராத்திரி வீட்டிலிருந்து “சும்மா எட்டிப் பார்த்தேன்” என்பவரால் காலை ஷிஃப்டில் திரை செத்துக் கிடப்பது இப்படித்தான். அப்புறம் எல்லோரும் சேர்ந்து கேமராவைத் திட்டுவார்கள்.

ஆகவே முதல் வேலை: பிசியின் முன்னால் போய் நின்று, அதிலேயே லாகின் செய்து, சாஃப்ட்வேரைப் புதிதாகத் திறந்து பாருங்கள். போக முடியாத தூரம் என்றால் விஎன்சி வகைக் கருவி வையுங்கள். அது பிசியின் சொந்தத் திரையையே காட்டும், தனிச் செஷன் எதையும் உருவாக்காது. வெளியிலிருந்து என்றால் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும். ரிமோட் டெஸ்க்டாப்தான் வேண்டும் என்று உங்கள் ஐடி துறை பிடிவாதம் பிடித்தால், அதை அனுமதிக்கும் லைசென்ஸைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஃப்ளெக்ஸ்நெட்டில் இதற்கென்றே லைசென்ஸ் வரியில் டிஎஸ்_ஓகே என்று சேர்த்துத் தருவார்கள். நீங்களாக அதைத் தட்டச்சு செய்து சேர்க்காதீர்கள்; கையெழுத்துக் குறியீடு பொருந்தாமல் முழு வரியும் செல்லாமல் போகும்.

நேரில் பார்த்தும் எரர் வருகிறதென்றால் அடுத்த கேள்வி: லைசென்ஸ் எங்கே குடியிருக்கிறது? கேமராவுக்குள்ளா, டிஸ்ப்ளே பிசியிலா, நெட்வொர்க் சர்வரிலா? கேமரா வாங்கும்போது வந்த லைசென்ஸ் ரிமோட் திரைக்கும் சேர்த்துத்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பல அமைப்புகளில் அது தனி அயிட்டம். வாங்கிய பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

சர்வரில் இருந்தால் பெரும்பாலும் போர்ட் (நெட்வொர்க்கில் தகவல் வந்துபோகும் வாசல் எண்) பிரச்சினை. சென்டினலுக்கு 1947, டிசிபி, யுடிபி இரண்டும். கோட்மீட்டருக்கு 22350. ஃப்ளெக்ஸ்நெட்டில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்: 27000 முதல் 27009 வரையிலான ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பார்கள். அது முன்வாசல் மட்டுமே. தயாரிப்பாளரின் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) வேறொரு போர்ட்டில் இயங்கும். எண்ணைக் குறித்துக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது மாறலாம். அதனால்தான் “நேற்று வரை வேலை செய்தது”. லைசென்ஸ் ஃபைலின் வெண்டர் வரியில் போர்ட் எண்ணை நிரந்தரமாகக் கொடுத்து, அதையும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள்.

கேமரா நெட்வொர்க்கையும் ஆபீஸ் நெட்வொர்க்கையும் தனித்தனி விலேனாக (ஒரே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்) பிரித்திருந்தால் (பிரித்திருக்கத்தான் வேண்டும்), சர்வரைத் தானாகத் தேடும் பிராட்காஸ்ட் அந்த எல்லையைத் தாண்டாது. சர்வரின் ஐபியைக் கைப்படக் கொடுங்கள். சென்டினலில் இது அட்மின் கண்ட்ரோல் சென்டரில், கோட்மீட்டரில் வெப்அட்மினின் சர்வர் தேடல் பட்டியலில். கோட்மீட்டரில் லைசென்ஸ் இருக்கும் பிசியை நெட்வொர்க் சர்வராக இயக்கவும் வேண்டும். நீங்கள் இயக்காதவரை அது இயங்காது. ஒற்றைப் பிசிக்கான டாங்கிளை வைத்துக்கொண்டு எத்தனை போர்ட் திறந்தாலும் பக்கத்துப் பிசிக்கு அது தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் டாங்கிள் வேறு.

ஃப்ளெக்ஸ்நெட்டில் -4 வந்தால் இருக்கைகள் (ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்ற எண்ணிக்கை) நிறைந்துவிட்டன என்று அர்த்தம். எல்எம்ஸ்டாட் என்ற கட்டளையை ஓட்டி யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்து செத்த டேப்லெட்டும், வைஃபை எட்டாத மூலைக்குப் போன லேப்டாப்பும் இருக்கையைத் திருப்பித் தருவதில்லை. எதிர்முனை இறந்தது சர்வருக்குத் தெரிய நேரமாகும். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் முன் டிசிபி வழக்கமாகக் காத்திருப்பது (கீப்அலைவ்) 2 மணி நேரம். அதற்குள் நான்கு முறை சாஃப்ட்வேரைத் திறந்து மூடுவதால் பயன் இல்லை. திரையை அணைக்கும் முன் சாஃப்ட்வேரை மூடச் சொல்லி ஆபரேட்டர்களைப் பழக்குங்கள், தயவுசெய்து.

அடுத்தது யாரும் சந்தேகப்படாத ஆசாமி: மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி. பேனலுக்குள் சூட்டில் வருடக்கணக்கில் கிடந்து அது தீர்ந்துபோகும். நீண்ட மின்வெட்டுக்குப் பின் பிசி எழும்போது கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கும். லைசென்ஸ் மேனேஜரோ கடைசியாகப் பார்த்த தேதியைக் குறித்து வைத்திருக்கிறது. யாரோ தேதியைத் திருத்தி ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடும். ஃப்ளெக்ஸ்நெட்டில் இது -88. முதலில் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, என்டிபி சர்வரோடு (சரியான நேரம் தரும் சர்வர்) இணைத்து, அதன் பிறகு லைசென்ஸைப் பாருங்கள். சோதனைக்காக என்று தேதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த எதிர்காலத் தேதி பதிவாகிவிட்டால் உண்மையான தேதியே பழைய தேதியாகிவிடும்.

மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பூட்டிய லைசென்ஸில் -9 வந்தால், யாராவது நெட்வொர்க் கார்டை மாற்றினார்களா, யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரைக் கழற்றினார்களா என்று விசாரியுங்கள். போர்டு மாற்றும் முன், பிசி உயிரோடு இருக்கும்போதே, லைசென்ஸைத் திரும்ப ஒப்படைத்துவிடுங்கள். டிஸ்க் குளோன் எடுத்திருக்கிறோமே என்று தைரியமாக இருக்காதீர்கள். சாஃப்ட்வேர் லைசென்ஸைப் பொறுத்தவரை குளோன் என்பது திருட்டு நகல்தான்.

சின்னதாக ஒன்று. மெயிலில் வந்த லைசென்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து சேமித்தால் பெயரின் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளலாம், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

லைசென்ஸே சம்பந்தப்படாத ஒரு கோளாறும் லைசென்ஸ் கணக்கில் எழுதப்படுகிறது. கிக்ஈ விஷன் கேமரா (ஈதர்நெட் கேபிள் வழியாகப் படம் அனுப்பும் வகை) ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாஃப்ட்வேருக்குத்தான் கட்டுப்பாட்டைக் கொடுக்கும். லைன் பிசி அதைப் பிடித்திருக்கும்போது ரிமோட் பிசியிலிருந்து நேராகக் கேமராவைத் திறந்தால் “அனுமதி இல்லை” என்றுதான் வரும். அதைப் படித்ததும் லைசென்ஸ் வாங்க ஓடாதீர்கள். படத்தை மல்டிகாஸ்டில் (ஒரே நேரத்தில் பல பிசிகளுக்கு அனுப்பும் முறை) அனுப்பவோ, லைன் பிசியிடமிருந்து வாங்கிக் காட்டவோ ஏற்பாடு செய்ய வேண்டும். கேமரா பட்டியலில் தெரிந்தும் படம் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஃபயர்வால் வீடியோ ஓட்டத்தை மறிக்கிறது: கட்டளை போகும் யுடிபி 3956 திறந்திருக்கும், படம் வரும் போர்ட் அடைபட்டிருக்கும்.

டாங்கிளை முன்பக்க யுஎஸ்பியில் சொருகாதீர்கள். பென்டிரைவ் போட இடம் தேடுபவர் அதைத்தான் பிடுங்குவார். பேனலுக்குள் இருக்கும் போர்ட்டில் சொருகி, லேபிள் ஒட்டி, விண்டோஸ் பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் வசதி) அணையுங்கள். பென்டிரைவைத் தடுக்கும் பாலிசி புதிதாக வந்த நாளில் கோட்மீட்டர் டாங்கிள் காணாமல் போனால் ஆச்சரியப்பட வேண்டாம். சில டாங்கிள்கள் பென்டிரைவ் போலத்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். எச்ஐடி (கீபோர்டு, மவுஸ் போல அறிமுகமாகும்) முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் தீரவில்லையென்றால் எழுதுங்கள். எழுதும்போது பிசி முன்னால் நின்று எடுத்த திரையின் படம், எரர் எண், டாங்கிள் எண் அல்லது ஹோஸ்ட் ஐடி (பிசியின் அடையாள எண்), டிஸ்ப்ளே சாஃப்ட்வேர், கேமரா ஃபர்ம்வேர் இரண்டின் வெர்ஷன், கடைசியாக யார் எதை அப்டேட் செய்தார்கள் என்பது, இவை கட்டாயம் வேண்டும். வெர்ஷனை விட்டுவிடாதீர்கள்: 4-க்கு வாங்கிய லைசென்ஸில் 5-ஐ ஏற்றியிருந்தால் டாங்கிளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், திரை மட்டும் திறக்காது.