ஹன்டா: ஒரு துளி ரத்தத்தில் கிடைக்கும் தடயம்

எலியால் வரும் காய்ச்சல் என்றதும் நமக்கு எலிக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். அது பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படும். அதே எலியிடமிருந்து வரும் ஹன்டா வைரஸ் கட்டுப்படாது. எலியின் சிறுநீரும் எச்சமும் காய்ந்து தூசியோடு எழும்பும்போது மூச்சில் இழுத்தாலே தொற்றிவிடும். ஒன்று முதல் எட்டு வாரங்கள் வரை உடலில் ஒன்றும் தெரியாது. பிறகு காய்ச்சல், தொடையிலும் முதுகிலும் வலி, குமட்டல். யார் பார்த்தாலும் ஃப்ளூ என்றுதான் நினைப்பார்கள். ஆசிய, ஐரோப்பிய வகைகள் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்கும். அமெரிக்க வகையிலோ சில நாள்களில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் இறந்துவிடுகிறார்கள்.

1993 மே மாதம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நவஹோ என்ற பழங்குடி இளைஞர் ஒருவர் மூச்சுத் திணறி இறந்தார். நன்றாக ஓடக்கூடிய, திடமான உடம்பு. அவர் மணக்கவிருந்த பெண்ணும் சில நாள்களுக்கு முன் அப்படியேதான் இறந்திருந்தார். பிளேக் இல்லை என்று சோதனைகள் சொல்லிவிட்டன. அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் நோயாளிகளின் ரத்தநீரைப் பல வைரஸ்களின் புரதங்களோடு சேர்த்துப் பார்த்தது. கொரியாவிலும் ஐரோப்பாவிலும் அறியப்பட்ட ஹன்டா வகைகளோடு அது ஒட்டியது. ஆனால் எதோடும் கச்சிதமாகப் பொருந்தவில்லை. குடும்பம் தெரிந்துவிட்டது, ஆள் தெரியவில்லை. பழைய ஹன்டா வைரஸ்களின் மரபணுவில் அதிகம் மாறாத பகுதிகளை வைத்துப் பிசிஆர் செய்தபோது புதிய வைரஸின் மரபணுத் துண்டு சிக்கியது. வைரஸை ஆய்வகத்தில் வளர்ப்பதற்குப் பல மாதங்கள் முன்பே இவ்வளவும் முடிந்துவிட்டது. அதைச் சுமந்தது மான் சுண்டெலி. வைரஸுக்கு வைத்த பெயர் 'சின் நோம்ப்ரே'. ஸ்பானிய மொழியில் 'பெயரற்றது'.

இந்த நோயில் என்னை மிகவும் வியக்கவைப்பது ஒன்று. டெங்குவின் முதல் நாள்களில் எதிர்ப்பொருளை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்தை, தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அதனால்தான் என்எஸ்1 என்ற டெங்கு வைரஸின் புரதத்தைப் பார்க்கிறோம். ஹன்டாவில் இது தலைகீழ். வைரஸ் நுண்ணிய ரத்தநாளங்களின் உட்சுவர்ச் செல்களில் குடியேறுகிறது, ஆனால் அவற்றைக் கொல்வதில்லை. நாளங்கள் கசிவதற்குப் பெரும் காரணம் நம் நோயெதிர்ப்பு ஆற்றலின் ஆவேசமே. அந்த ஆவேசம் கிளம்பிய பிறகுதான் மனிதர் படுக்கிறார் என்பதால், மருத்துவமனைக்கு வரும்போதே, தொற்றில் முதலில் உருவாகும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் பெரும்பாலும் ரத்தத்தில் இருக்கிறது.

அதைப் பிடிப்பது எலைசா என்ற சோதனை. பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சிறு குழிகள். மனித ஐஜிஎம்மைப் பற்றிக்கொள்ளும் பொருள் ஒவ்வொரு குழியின் அடியிலும் பூசப்பட்டிருக்கும். நோயாளியின் ரத்தநீரை ஊற்றிக் கழுவினால் ஐஜிஎம் மட்டும் தங்கும். அதன்மேல் ஹன்டாவின் மரபணுவைப் போர்த்தியிருக்கும் புரதத்தை விடுகிறார்கள். தங்கிய ஐஜிஎம் ஹன்டாவுக்கானது என்றால் புரதம் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் அடுத்த கழுவலில் போய்விடும். கடைசியில் நொதி ஏற்றிய எதிர்ப்பொருளையும் நிறமியையும் சேர்க்க, ஒட்டிய குழியில் நிறம் ஏறுகிறது.

இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. அந்த இடைவெளியில் கைகொடுப்பது சாதாரண ரத்தப் பரிசோதனை. நியூ மெக்சிகோ நோயியலாளர்கள் ஐந்து அடையாளங்களைத் தொகுத்தார்கள். தட்டணுக்கள் சரிந்திருக்கும். நீர் கசிந்துவிட்டதால் ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். முதிராத வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே வந்திருக்கும். லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களில் பத்து சதவீதத்துக்கு மேல், சாயமேற்றிப் பார்க்கும்போது நீலம் தூக்கலாகப் பெருத்திருக்கும். ஐந்தாவதில் தேட வேண்டியது ஓர் இல்லாமையை: கடும் பாக்டீரியா தொற்றில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களுக்குள் தெரியும் கருத்த மணிகள் இங்கே இருக்காது. ஐந்தில் நான்கு சேர்ந்தால், எலைசா முடிவுக்குக் காத்திராமல் நோயாளியைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றலாம். வைரஸை அழிக்கும் நிரூபிக்கப்பட்ட மருந்து கையில் இல்லாத நோயில், அந்தச் சில மணி நேரம்தான் உயிர்.

எலைசாவுக்கும் எல்லை உண்டு: தட்டில் எந்த ஹன்டாவின் புரதத்தை விடுகிறோமோ, அதற்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும்தான் நிறம் மாறும். 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து, தோட்டப்பாளையம் என்ற பெயரையே வைத்தார்கள். அது ஹன்டா இனம் என்பது பின்னாளில்தான் தெரியவந்தது. மனிதருக்கு அது நோய் தருவதாக நிறுவப்படவில்லை. ஆனால் அதன் புரதம் கொரிய வகையிலிருந்து வெகுதூரம் விலகியது. கொரிய வகையை வைத்துச் செய்த சோதனை அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

ஹன்டா நம் பக்கம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கிடங்குத் தொழிலாளர்கள், இருளர் மக்கள் உள்ளிட்டோரின் ரத்தத்தைச் சோதித்து, சிலரிடம் ஹன்டா எதிர்ப்பொருளைக் கண்டிருக்கிறார்கள். எலிக்காய்ச்சலைப் போலவே தோன்றி உயிரைக் குடித்த ஒரு ஹன்டா தொற்று பற்றி, இந்தியாவிலிருந்து 2006இல் ஆய்விதழில் பதிவு வந்தது. தட்டணுக்கள் குறைந்து, சிறுநீரகம் தளர்ந்து, எலிக்காய்ச்சல் சோதனை 'இல்லை' என்று வந்த நோயாளியிடம் எலி புழங்கும் இடத்தில் வேலை செய்தாரா என்று கேட்க வேண்டும். அதே ரத்த மாதிரியில் ஹன்டா ஐஜிஎம்மும் பார்க்கும்படி சீட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.