நரம்புச் சுருட்டல்: லேசருக்கு முன் டாப்ளர்

"லேசர் பண்ணினா திரும்ப வராதா டாக்டர்?" கடலூரில் நரம்புச் சுருட்டலோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். ஜவுளிக்கடைப் பெண்கள், பரோட்டா மாஸ்டர்கள், பஸ் கண்டக்டர்கள் என நாள் முழுக்க நின்றே பிழைப்பவர்கள் இவர்கள்.

காலிலிருந்து மேலேறும் ரத்தம் திரும்பக் கீழே இறங்காமல் தடுக்கக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் தேங்கிக் குழாய் புடைத்து நெளியும். இதுதான் நரம்புச் சுருட்டல். முடிச்சு கெண்டைக்காலில் தெரிந்தாலும், பழுது பெரும்பாலும் தொடையின் உட்புறம் ஓடும் பெரிய குழாயில்தான் இருக்கும். அதைக் காட்டுவது, ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். நிற்க வைத்து எடுக்க வேண்டும். படுத்தபடி எடுத்தால், ரத்தம் வால்வு வழியே கீழே கசிவது கண்ணில் படாமல் போகலாம். ஆழத்துக் குழாயில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். டாப்ளர் எடுக்காமலே லேசருக்குத் தேதி கொடுத்தால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

லேசரில், ஊசித் துளை வழியாக மெல்லிய இழையைச் செலுத்தி, சூட்டால் அந்தக் குழாயை உள்ளிருந்தே மூடுகிறோம். அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். ஓராண்டு கழித்துப் பார்த்தாலும் நூற்றில் 90 பேருக்கு மேல் அது மூடியே இருக்கும். சில நாள் தொடையில் இழுப்பும் கன்றலும் இருக்கும், சிலருக்கு மரத்துப்போகும், அரிதாக ஆழத்துக் குழாயில் ரத்தக்கட்டி உண்டாகும். மிகவும் நெளிந்த கிளைகளை மூட ஃபோம் ஊசியோ (நுரை மருந்து), எடுத்துவிடச் சிறு கீறலோ தேவைப்படலாம். வருடங்கள் கழித்து வேறொரு குழாய் புடைக்கவும் வாய்ப்பு உண்டு. "இனி வரவே வராது" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

என்னை அதிகம் வருத்துவது, இப்படித் தேங்கும் ரத்தத்தால் வரும் கணுக்கால் புண். தோல் கருத்து, அரித்து, புண்ணாகி, மாதக்கணக்கில் வெறும் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சர்க்கரைப் புண் என்றே நினைத்துவிடுவோரும் உண்டு. 2018இல் வெளியான ஈவ்ரா என்ற பிரிட்டிஷ் ஆய்வில், இறுக்கக் கட்டோடு பழுதான குழாயையும் சீக்கிரமே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளுக்குள் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு அதே நிலை வர 82 நாள் ஆனது. எனவே கணுக்கால் பக்கம் தோல் கருக்கும்போதே வந்துவிடுங்கள்.

அப்புறம், வேலையிடம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. கேட்டு வாங்குங்கள். முதலாளியிடம் காட்டச் சீட்டு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.