மக்கு: எருக்குழியிலயும் வகுப்புலயும் ஒரே சொல்லு

எங்க ஊரு மன்னார்குடி பக்கம். ஏழாவது படிக்கறப்ப சார் போர்டுல பின்னக் கணக்கு போடச் சொன்னாரு, நான் அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டி அஞ்சுல ரெண்டுன்னு எழுதிட்டேன், மேல இருக்கறது தனியா கீழ இருக்கறது தனியா கூட்டினா அப்படித்தானே வரும். "மக்கு, போய் உக்காரு"ன்னாரு. எங்க தப்புன்னு அன்னிக்கு யாரும் சொல்லல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தாத்தா எருக்குழிய மம்புட்டியால கிளறிப் பாத்துட்டு "இன்னும் மக்கல, ரெண்டு மாசம் போவணும்"ங்கறாரு. அதே சொல்லு!

மக்குறதுன்னா பளபளப்பு போயி மங்குறது, அழுகி மண்ணோட மண்ணாவுறது. பாடப்புத்தகத்துல 'மட்கும் குப்பை'ன்னு வரும், அதுதான் பேச்சுல மக்கு. மங்குறதுங்கற அர்த்தம் புத்திக்கும் ஒட்டிக்கிட்டு வசவாயிடுச்சு. ஆனா வயல்ல கேட்டுப் பாருங்க, கதையே வேற. ஏக்கருக்கு 5 டன் தொழு எரு போடணும், அதுவும் நல்லா மக்குனதா இருக்கணும்பாங்க. மக்காத வைக்கோல அப்படியே மடக்கி உழுதுட்டு உடனே நட்டா, அத மக்க வைக்கிற நுண்ணுயிரி மண்ணுல இருக்கற தழைச்சத்த இழுத்துக்கும், பயிரு மஞ்சளடிச்சுப் போயிடும். டெல்டாக்காரனுக்கு மக்காததுதான்யா தலைவலி.

இப்ப ஸ்கூல்ல மக்குன்னு சொல்றது குறைஞ்சிருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆம் பிரிவு அடிக்கறத மட்டும் இல்ல, மனச நோகடிக்கறதையும் கூடாதுங்குது. மக்குக்குப் பதிலா வந்தது 'ஸ்லோ லேர்னர்', தமிழ்ல 'மெல்லக் கற்போர்'. நல்ல சொல்லுதான். மெல்லன்னா மெதுவா, மெல்லுறதுன்னா அசை போடறது (ரெண்டும் வேற வேற, நான் சும்மா முடிச்சு போடறேன்). நன்னூல்ல பவணந்தியார் மாணாக்கர தரம் பிரிக்கறப்ப பசுவ அன்னத்தோட சேத்து முதல் வரிசையில வெச்சாரு, வயிறு முட்ட மேஞ்சுட்டு அப்புறம் ஒரு இடத்துல உக்காந்து மென்னு தின்னுதே, அதனால. அவரு கணக்குல மென்னு படிக்கறவன்தான் ஃபர்ஸ்ட் பெஞ்ச். கேட்டத ஒழுக விடற ஓட்டைக்குடத்தையும் கடைசி வரிசையில வெச்சிருக்காரு, அத மறைக்கல.

ஆனா ஒண்ணு. 'மெல்லக் கற்போர்'னு தலைப்பு போட்டு பிள்ளைங்க லிஸ்ட்ட கிளாஸ்ல சத்தமா வாசிச்சா அதுவும் மக்குதான், சட்டை மட்டும் புதுசு. 'மெல்லக் கற்போர்'ங்கறது டீச்சர் நோட்டுல இருக்க வேண்டிய சொல்லு, பையன் காதுல விழ வேண்டியது இல்லங்கறது என் எண்ணம். குறுவைக்கு 110 நாள்ல அறுக்கற நெல்லும் இருக்கு, 155 நாள் கேக்கற சி.ஆர். 1009ங்கற நெல்லு ரகமும் இருக்கு, அது தாமசமா வருதுன்னு எவனும் வரப்புல நின்னு திட்டுறதில்ல, தண்ணிய கணக்கு பண்ணி விடறான்.

எங்க தெருவுல ஒரு டீச்சர் சாயங்காலம் திண்ணையில பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுப்பாங்க. தப்பா போட்டவன்கிட்ட "எந்த வரி வரைக்கும் சரியா வந்துச்சு தம்பி?"ம்பாங்க. போன வாரம் ஒரு பொடியன், அதே பின்னக் கணக்கு, நோட்ட ரொம்ப நேரம் முறைச்சுப் பாத்துட்டு ரெண்டாவது வரியில விரல வெச்சான்.